பூட்டும் நேரம்

களக்காட்டு வாழைகளுக்கு
மும்முனைக் கரண்ட் வருவது
நடுச்சாமம் ஒன்றரைக்கோ இரண்டுக்கோ.
வந்தவுடன் கைபேசிக்கு
ஒரு மிஸ்டு கால் கொடுக்கும் பெட்டி செய்தேன்,
பிளஸ் டூ அரைப்பரீட்சை லீவில்.
பதினொன்று விற்றது.
இரண்டு திரும்பி வந்தன.
ஒன்றில் பல்லி குடியேறி
ரிலேயோடு சேர்ந்து கருகியிருந்தது.
மற்றதில் பழுதே இல்லை,
சிம்முக்குக் காசு போடவில்லை, அவ்வளவுதான்.

தவசிக்கண்ணு இன்னும்
ஆயிரத்து நானூறு தரவேண்டும்.
'தார் வெட்டுனதும் தாரேன்ளா'
என்று மோட்டார் ரூமிலிருந்தே சத்தம் போடுவார்.

மே மாத வெயிலில்
பன்னிரண்டாவது பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு
கல்லூரி தேடப் போனேன்.

முதலாவது, நாலுவழிச் சாலையோரம்,
கண்ணாடி முழுக்க வானம்.
'வேலை தேடாதே, வேலை கொடு'
என்று வாசலில் இரண்டாள் உயரத்துக்கு எழுதியிருந்தது.
தொழில்முனைவோர் கூடத்துக்குச் சாவி வர
இருபது நிமிடம் ஆயிற்று.
திறந்தால்
திறப்பு விழாவின் சிவப்பு ரிப்பன் துண்டு
இன்னும் தாழ்ப்பாளில் தொங்குகிறது.
பிளாஸ்டிக் உறைக்குள்
மூச்சு முட்டி நிற்கிறது ஒரு புது மெஷின்.
எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க
என்று கேட்க வந்த வாய்
கேட்காமலே மூடிக்கொண்டது.

இரண்டாவதில் நல்ல காபி.
பெட்டியோடு என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்,
இன்னும் சேரவே இல்லை நான்.
கண்டுபிடிப்பு கல்லூரிக்கே சொந்தம் என்று
ஏழாம் பக்கத்தில் எறும்பெழுத்து.
தோட்டத்திலிருந்து கூப்பிட்டால்
வகுப்பை விட்டுப் போகலாமா என்றேன்.
சிரித்தார்கள்.
மனசார, கெட்ட எண்ணமில்லாமல்தான் சிரித்தார்கள்.

மூன்றாவது பாளையங்கோட்டையில்.
மழை குடித்த சுவர், ஈயம் உருகும் வாசம்,
லேபுக்குள்
நிஜமாகவே ஓர் ஆடு.

மேலப்பாளையம் சந்தைக்குத் தராசாம்.
துள்ளுகிற ஆட்டுக்கும் எடை தப்பாமல் காட்டணுமாம்.
காஜா முகைதீன் ஆட்டைப் பிடிக்க
ஜெனோவா எண்ணைக் குறிக்க
ஆடு இருபத்திரண்டு கிலோவுக்கும்
முப்பத்தொன்றுக்கும் இடையே
துள்ளிக்கொண்டிருந்தது.
முதல் கல்லூரியின் வழவழப் புத்தகத்தை
அதன் முன் நீட்டினேன்.
முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

சுவரில் சாக்பீஸால்
'இந்த வருசம் தோத்தது' என்று ஒரு பட்டியல்,
ஒன்பது வரி.
பத்து என்று எண் மட்டும் போட்டு
இடம் விட்டிருந்தார்கள்.

'எத்தனை மணிக்குப் பூட்டுவாவ?'
'ஒன்பதரை.'
'சாவி?'
'கடைசியாப் போறவுககிட்ட.'
'பணம் தருவாவளா?'
'அஞ்சாயிரம். கைக்கு வர ஏழு மாசம்.
வந்தா வந்ததுதான்.'
'வகுப்பு விட்டா?'
'ராத்திரி உக்காந்து எழுதணும்.
அதுல மட்டும் இரக்கம் கிடையாது.'

பேச்சோடு பேச்சாக
கேட்காமலே என் பெட்டியைத் திறந்துவிட்டாள் ஜெனோவா.
'எர்த் எங்களா?
ஈரக்கையோட எவனாச்சும் தொட்டா?'

பதினோரு தோட்டம்.
பதினோரு ஈரக்கை.
காது மடல் கொதித்தது.
தவசிக்கண்ணு வாய்க்காலில் கைகழுவி
வேட்டியில் துடைக்காமலே வருகிறவர்.

பெட்டியை அங்கேயே விட்டேன்.
மறுநாளே தோட்டம் தோட்டமாகப் போய்
பதினோரு பிளக்கையும் பிடுங்கிப்போட்டேன்.
திட்டினார்கள். திட்டட்டும்.

அன்று ராத்திரி ஒன்று நாற்பதுக்கு
மிஸ்டு கால்.
எந்தத் தோட்டம் என்று
தூக்கத்தில் நினைத்தேன்.
எல்லாம்தான் பிடுங்கிக் கிடக்கிறதே.
எண்ணைப் பார்த்தேன்: பன்னிரண்டு.
பூட்டிய லேபில், ஆடில்லாத இருட்டில்,
போன கரண்ட் வந்திருக்கிறது.

விளக்கைப் போட்டு விண்ணப்பத்தை எடுத்தேன்.
சு. உச்சிமாகாளி
என்று கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பிக்கொண்டே வந்து
'விடுதி தேவையா' என்ற இடத்தில் பேனா நின்றது.
லேப் பூட்டுவது ஒன்பதரைக்கு,
கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.

தவசிக்கண்ணு வாழை
இப்போதுதான் குலை தள்ளியிருக்கிறது.